ஃப்ரிட்ஜ் இல்லாத ஃப்ரேம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மீடியா துறைக்கென்று தனிக் கட்டடம் உண்டு. அதன் சுவர்களுக்குப் பூச்சு கிடையாது. செங்கல் செங்கலாகத் தெரியும். தலைக்கு மேலே ஏசி குழாயும் மின்கம்பியும் ஒளிவு மறைவில்லாமல் ஓடும். சேர்ந்த புதிதில் அம்மாவுக்கு வீடியோ காலில் சுற்றிக் காட்டினேன். "ஏட்டி, இம்புட்டு ஃபீஸ் வாங்குதான், செவத்துக்குப் பூச மாட்டானா? வேலை இன்னும் முடியலையோ?" என்றாள். முடிந்துவிட்டது, இதுதான் அழகு என்று கட்டியிருக்கிறார்கள் என்றேன். "நல்லா அழகு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கேன்டீன் அதைவிட மோசம். துருப்பிடித்த தகரத்தை வேண்டுமென்றே சுவரில் அறைந்திருக்கிறார்கள். டீ கண்ணாடித் தம்ளரில், கம்பிக் கூடையில் வருகிறது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் அந்தக் கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டிக் கடையைப் பளபளப்பாக்கி வருஷங்கள் ஆகின்றன. அவர் தலைமுழுகிய அத்தனையையும் இங்கே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அந்தத் துருப்பிடித்த நாற்காலிகளில்தான் என் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். வைட்ஃபீல்டு அடுக்குமாடிகளில் இருந்து காரில் வந்து இறங்குகிறவர்கள். முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, தம்ளர் டீயை உறிஞ்சியபடி வறுமையைப் பற்றிப் பேசுவார்கள். வறுமை என்று சொல்ல மாட்டார்கள். அதற்கு வாயில் நுழையாத ஆங்கிலச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். முதல் செமஸ்டர் முழுக்க நான் அந்தச் சொற்களை அறைக்குப் போய் கூகுளில் தேடினேன். தேடிப் பார்த்தால் எல்லாம் எங்கள் தெருவில் தினமும் நடப்பதுதான்.

நானும் புலம்பெயர்ந்தவள்தான். கோவில்பட்டியில் இருந்து பெங்களூருவுக்கு ஒரு ராத்திரி ரயில். இதைப் போய்ப் புலம்பெயர்தல் என்று சொல்கிறாளே என்று ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். துபாய்க்குப் போன என் அண்ணன் அங்கே தமிழ்க் கடையில் பரோட்டா தின்கிறான், மலையாளியோடு சண்டை போடுகிறான், ஊரில் இருக்கிற மாதிரியேதான் இருக்கிறான். நானோ இங்கே வந்த முதல் வாரத்திலேயே பெயரைத் தொலைத்தேன். செண்பகவல்லி என்று அடையாள அட்டையில் இருக்கிறது. வகுப்பில் என் பெயர் சம்பா. "ஸோ எக்ஸாடிக்" என்று ஒருத்தி சொன்னாள். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு செண்பகவல்லி இருக்கிறோம் என்று அவளிடம் சொல்லவில்லை.

இங்கே வருவதற்கு முன்னால் நான் ஒன்றும் தெரியாதவளாக இருக்கவில்லை. விஸ்காம் முடித்துவிட்டு ஊர் லோக்கல் கேபிள் சேனலில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பாத்திரக் கடை மாடியில் ஸ்டுடியோ. காலையில் போய்ப் படம் எடுப்போம், மத்தியானம் வெட்டி ஒட்டுவோம், சாயந்திரம் நானே பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து செய்தி வாசிப்பேன். கேமரா முருகேசன் அண்ணன். கல்யாண வீடியோவில் இருந்து வந்தவர். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பெண்ணையோ, பாட்டுப் போட்டியில் கப் வாங்கிய பையனையோ எடுக்கப் போவோம். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் அந்த வீடே மாறிவிடும். வாசல் கழுவியிருக்கும். அப்பாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை. அம்மாவுக்குப் பட்டு. எல்லோரும் கூடத்தில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். எங்கள் பக்கம் ஃப்ரிட்ஜை யாரும் அடுப்படியில் வைப்பதில்லை. அதைக் கூடத்தில் வைத்து, தலையில் பூத்தையல் போட்ட துணி விரித்து, மேலே கப்புகளை அடுக்கி வைப்பார்கள்.

"யக்கா, கொஞ்சம் இங்கிட்டு நகந்துக்கோங்க, ஃப்ரிட்ஜ் மறையுது" என்பார் முருகேசன் அண்ணன். ஃப்ரிட்ஜ் ஃப்ரேமுக்குள் வராமல் அவர் ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதில்லை. அவர் ஒன்றும் மகான் இல்லை. கவுன்சிலர்கள் கூப்பிட்டு வைத்து மணிக்கணக்காகப் பேசும்போது சிவப்பு விளக்கை மட்டும் எரியவிட்டு, ரெக்கார்ட் ஆகாமலேயே கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார். 'டம்மி' என்று அதற்குப் பெயர். அந்த ஊரின் மீதும் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. மாலை போட்டவன் செய்தி, மாலை போடாதவன் செய்தி இல்லை என்பதுதான் எங்கள் சேனலின் கொள்கை. அதைச் சகிக்க முடியாமல்தான் இங்கே ஓடிவந்தேன். நிஜத்தைப் படம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நம்பினேன்.

இங்கே எங்கள் டாக்குமென்டரி பேராசிரியர் புனேயில் இருந்து வந்தவர். கதர் ஜிப்பா போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து வகுப்பெடுப்பார். குரலற்றவர்களுக்குக் குரல் கொடுப்பதுதான் நம் வேலை என்று முதல் நாள் சொன்னார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். ஆனால் இரண்டு வருஷம் தெருத்தெருவாக மைக்கை நீட்டியவள் நான். ஒரு குரலற்றவரைக்கூடப் பார்த்ததில்லை. மைக்கைத் திரும்ப வாங்குவதற்குத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

நான் குடியிருப்பது அல்சூர் பக்கம், மர்பி டவுனில், ஒரு மொட்டைமாடி அறையில். வீட்டுக்கார அம்மாவின் பெயர் ஆரோக்கியமேரி. முதல் நாள் "அக்கா" என்றேன். "அக்கா கிக்கான்னுலாம் கூப்டாத கண்ணு, ஆன்ட்டின்னு கூப்டு. இது பெங்களூரு" என்றார். மேரி ஆன்ட்டி ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறார். பிறந்தது கேஜிஎஃப்பில், தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். அவருக்கும் முந்தி வட ஆற்காடு. மேரி ஆன்ட்டியின் கணவர் சேவியர் அங்கிள் ஐடி கம்பெனி ஷட்டில் ஓட்டுகிறார். ஒரே மகள் ஷெரின், வைட்ஃபீல்டு கம்பெனி ஒன்றில் எச்ஆர். மேரி ஆன்ட்டிக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம்தான். "நீங்கள்லாம் நேத்து வந்தவங்க. நாங்க இங்கியே வளந்தவங்க" என்று வாரம் ஒருமுறையாவது சொல்வார். என்னிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம், கறிக்கடையில் உருது என்று வாய் ஓயாமல் பேசுவார். பீற்றிக்கொள்வதில் எங்கள் ஊர்க்காரர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

கடைசி வருஷம் எல்லோரும் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு டாக்குமென்டரி எடுக்க வேண்டும். எங்கள் குழுவில் தன்வி டைரக்டர், அர்ஜுன் கேமரா, நான் சவுண்டு. சவுண்டு என்றால் மொழிபெயர்ப்பும் சேர்த்து என்பது பிறகுதான் தெரிந்தது. தன்வி பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே பெங்களூருவில். கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. வீட்டில் இந்தி, மற்ற இடமெல்லாம் ஆங்கிலம். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்களைப் பற்றிப் படம் எடுக்கலாம் என்றாள். வீட்டுக்கார அம்மாவைப் பற்றி நான் எப்போதோ வாயைக் கொடுத்திருந்தேன். "மை காட், யு லிவ் வித் தெம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். காட்டில் யாரோடோ குடித்தனம் நடத்துகிறேன் என்று நினைத்தாள்போலிருக்கிறது.

மேரி ஆன்ட்டியிடம் சொன்னேன். வாயெல்லாம் பல். "எந்த டிவியில வருது?" என்பதுதான் முதல் கேள்வி. டிவியில் வராது, எங்கள் யுனிவர்சிட்டி ஆடிட்டோரியத்தில் பெரிய திரையில் போடுவார்கள் என்றேன். அது டிவியைவிடப் பெரிய விஷயமாக அவருக்குப் பட்டது. அடுத்த வாரமே வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்துவிட்டது. கூடத்துக்குப் பிஸ்தா பச்சை. சோபாவுக்குப் புது உறை. கூடத்தின் நடுநாயகமாக ஃப்ரிட்ஜ். டபுள் டோர். ஷெரின் தன் முதல் சம்பளத்தைப் போட்டு, மீதியைத் தவணையில் கட்டி வாங்கியது. அதற்கு மேலே யேசு படம், பக்கத்தில் ஷெரின் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கும் போட்டோ. எங்கள் ஊர்க் கூடத்தைப் பெயர்த்துக்கொண்டுவந்து வைத்தது போல இருந்தது. மாநிலம் கடந்தாலும் நம்மவர்கள் ஃப்ரிட்ஜ் வைக்கிற இடம் மட்டும் மாறாது என்று அன்றைக்கு எனக்கே ஒரு பெருமை வந்துபோனது.

படப்பிடிப்பன்று தன்வி உள்ளே வந்து நின்று சுவரைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. "பெயின்ட் எப்போ அடிச்சாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நமக்காகத்தான் அடித்தார்கள் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். அர்ஜுன் கேமரா வழியாக ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, டெக்ஸ்ச்சர் இல்லை, எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்றான். இரண்டு பேரும் வெளியே சந்துக்குள் போய்ப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு விக்டோரியா அக்காவின் வெளிச்சுவர் காரை பெயர்ந்து, பாசி படிந்து, மழைத் தண்ணீர் வழிந்த கறையோடு நின்றது. தன்வி அதைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

எதிர்வீட்டுக் கன்னடக்காரர் பைக்கை நிறுத்திவிட்டு ஆர்வமாக வந்தார். "யாவ சானல் மேடம்? யாவாக பருத்தே?" எந்தச் சேனல், எப்போது வரும் என்கிறார். தன்வி அவர் எதையோ தடுக்க வந்திருக்கிறார் என்று பயந்துபோய், "நோ நோ, ஸ்டூடன்ட்ஸ், ஸ்டூடன்ட்ஸ், வீ ஹேவ் பர்மிஷன்" என்று அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். டிவியில் வராது சார் என்றேன். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேரி ஆன்ட்டி அரக்குப் பட்டுப்புடவையில், கழுத்தில் செயினும் சிலுவையும் மினுங்க, ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தயாராக நின்றார். அவரை வெளியே கூட்டிவந்து, வீட்டில் கட்டுகிற பழைய காட்டன் புடவை ஒன்றைக் கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்றாள் தன்வி. நகை வேண்டாம். கேமராவைப் பார்க்க வேண்டாம், தூரத்தைப் பார்க்கட்டும். சுரங்கக் காலத்தில் இருந்து கதையை ஆரம்பிக்கிறோம், அம்மா எப்படி இருந்தார், லைன் வீடு எப்படி இருந்தது என்று பேசட்டும் என்றாள். நான் இதெல்லாம் அபத்தம், அவருக்கு அவமானமாக இருக்கும் என்று சண்டை போட்டேன். "சம்பா, ஜஸ்ட் ட்ரான்ஸ்லேட்" என்றாள். சொன்னேன். மேரி ஆன்ட்டி கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார், பிறகு குஷியாகிவிட்டார்.

"ஓ, ஃப்ளாஷ்பேக்கா! அப்ப நான் எங்கம்மா மாதிரி பண்ணணும். அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இரு, எங்கம்மா கொசுவம் இப்டி வெக்கமாட்டா" என்று உள்ளே ஓடினார். நான் வாய் திறக்கும் முன் கதவைச் சாத்தியாயிற்று. வெளியே வந்தபோது தலையைக் கலைத்துவிட்டு, கால் செருப்பையும் கழற்றியிருந்தார். விக்டோரியா அக்கா வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூரத்தைப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நடித்தார். தன்விக்குக் கண் கலங்கிவிட்டது. "ஷி இஸ் ஸோ ரியல்" என்று என் காதில் சொன்னாள்.

ஃப்ளாஷ்பேக் முடிந்தது என்று மேரி ஆன்ட்டி முகம் கழுவி, பட்டுப்புடவை மாற்றி, ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் மறுபடி நின்றுகொண்டார். இப்போது இந்தக் காலம். அங்கிளும் ஷெரினும் இரண்டு பக்கமும் நின்றார்கள். தன்வி அர்ஜுனிடம் கண் காட்டினாள். அவன் கேமராவைத் தூக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் நின்ற எனக்குக் கேமராவின் குட்டித் திரை தெரிந்தது. அதில் ரெக்கார்ட் நேரம் ஓடவில்லை. டம்மி. கோவில்பட்டி கவுன்சிலருக்குச் செய்வதை ஆங்கிலம் பேசிக்கொண்டு செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சவுண்டு ரெக்கார்டர் தனி. அது என் கையில் இருந்தது. நான் பட்டனை அழுத்தினேன்.

பத்து நாள் கழித்துத்தான் எனக்கு விஷயமே தெரியவந்தது. ஷெரினுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிங்கராஜபுரத்தில் சொந்த வீடு, பையன் வங்கியில் வேலை, மாப்பிள்ளையின் அம்மா ஓய்வு பெற்ற டீச்சர். பெண்ணைச் சர்ச்சில் பார்த்துப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குத்தான் இன்னும் வரவில்லை. சுரங்க லைனில் இருந்து வந்தவர்கள், குடும்பம் எப்படியோ என்று அந்த அம்மாவுக்குத் தயக்கம் என்று தரகர் சொல்லியிருந்தாராம். மேரி ஆன்ட்டிக்கு அது சுருக்கென்று தைத்திருக்கிறது. "எங்க அப்பா மைன்ஸ்ல எறங்குனாரு, அதுக்கு இன்னா இப்போ? வந்து பாக்கட்டும், நாங்க எப்டி கீறோம்னு" என்றவர், ஒரு திட்டம் போட்டுவிட்டார். படம் போடுகிற நாளுக்கு லிங்கராஜபுரத்து ஆட்களை யுனிவர்சிட்டிக்கே கூப்பிட்டுவிட்டார். "யுனிவர்சிட்டியே எங்கள படம் எடுத்து போடுது. அதுல வூடு, ஃப்ரிட்ஜு, ஷெரின் டிகிரி எல்லாம் வருதுல்ல? பாத்துட்டு போவட்டும்" என்றார். ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சை விக்டோரியா அக்கா வீட்டுச் சுவரில் கொண்டுபோய் முட்ட வைத்துவிட்டோம் என்று எனக்குப் புரிந்தது.

எடிட்டிங் அறையில் தன்வியிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு ஷாட், வீட்டின் உள்ளே இருந்து, ஒன்று போதும் என்றேன். ஃபுட்டேஜ் இல்லையே என்றாள். மறுபடி போய் எடுக்கலாம், அர்ஜுன் வராவிட்டால் நானே எடுக்கிறேன் என்றேன். "சம்பா, அது வந்தா படம் செத்துடும். இது இழப்பைப் பற்றிய படம்" என்று எனக்கு ஆங்கிலத்தில் பாடம் எடுத்தாள். பேராசிரியரிடம் போனேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்று, டைரக்டரின் பார்வையை மதிக்க வேண்டும், நீ செய்திச் சேனலில் இருந்து வந்தவள், அதனால் தகவலுக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு பிடிபட நாளாகும் என்றார். அந்த ஜிப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல வந்தது. நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சப்டைட்டில்களைத் தன்வி தானே எழுதினாள். மேரி ஆன்ட்டி பேசியதை வரிக்கு வரி நான் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, "நான் எமோஷனல் ட்ரூத்துக்குப் போறேன்" என்று சொல்லிக் கவிதை எழுதினாள். 'என் சுவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்குத்தான் இல்லை' என்று ஒரு வரி. 'தங்கம் போன பிறகு நாங்கள் இருட்டைத் தோண்டினோம்' என்று ஒரு வரி. மேரி ஆன்ட்டி சொன்னதோ, அவருடைய அம்மா ரேஷன் கடைக்காரனைத் துடைப்பத்தால் அடித்த கதை. பேச்சில் அழுகை போதவில்லை என்பது தன்வியின் அடுத்த குறை. "இன்னும் உடைந்த குரலில் எதாவது இருக்கா? எதுவாக இருந்தாலும் போடு, கேட்கலாம்" என்றாள்.

எதுவாக இருந்தாலும் என்று அவள்தான் சொன்னாள். கூடத்தில் நான் ரெக்கார்ட் செய்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டேன். தன்வி கண்ணை மூடி ஹெட்போனில் கேட்டாள். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்று பேசிய இடம் வந்தபோது கையைத் தூக்கினாள். மேரி ஆன்ட்டி அந்த இடத்தில் உண்மையாகவே அழுதிருந்தார். மகள் வாங்கிக் கொடுத்ததை நினைத்து வந்த அழுகை. தன்வியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "திஸ். திஸ் இஸ் இட்" என்றாள். பேச்சின் நடுவில் தெறித்த ஆங்கிலச் சொற்கள்கூட அவளுக்கு அழுகையாகத்தான் கேட்டன. முழுவதையும் படத்தின் கடைசிப் பகுதியில், விக்டோரியா அக்காவின் சுவருக்கு மேலே பரப்பச் சொன்னாள். நான் பரப்பினேன். அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று அவள் கேட்பாள், கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மிக்ஸிங் முடிந்து, படம் ஒப்படைத்து, கேன்டீனில் கேக் வெட்டும்வரை அவள் கேட்கவே இல்லை.

திரையிடலுக்கு மேரி ஆன்ட்டி அதே அரக்குப் பட்டில் வந்தார். அங்கிள் கோட் போட்டிருந்தார். லிங்கராஜபுரத்து டீச்சரம்மா, அவர் கணவர், மாப்பிள்ளை எல்லோரும் வந்திருந்தார்கள். டீச்சரம்மா செங்கல் சுவரைப் பார்த்துவிட்டு, பாவம் கட்டட வேலை நடக்கிறது போலிருக்கிறது என்றார். "நீ அவங்களோட உட்கார்ந்து பார்த்துக்கொள்" என்று தன்வி எனக்கு உத்தரவு போட்டிருந்தாள். நான் மேரி ஆன்ட்டிக்கும் ஷெரினுக்கும் பின் வரிசையில் உட்கார்ந்தேன்.

படம் தொடங்கியது. பாசி படிந்த சுவர். கலைந்த தலையோடு மேரி ஆன்ட்டி. செருப்பில்லாத கால், குளோசப்பில். டீச்சரம்மா மெல்லத் திரும்பி மேரி ஆன்ட்டியைப் பார்த்தார். "அது ஃப்ளாஷ்பேக்கு. எங்கம்மா மாதிரி பண்ணியிருக்கேன்" என்று மேரி ஆன்ட்டி கிசுகிசுத்தார். "இனிமேதான் நம்ம வூடு வரும்." வீடு வரவில்லை. சுவர், கால், ஜன்னல் கம்பி, மறுபடி சுவர். மேரி ஆன்ட்டியின் முதுகு நாற்காலியில் இருந்து நிமிர்ந்து, அப்படியே விறைத்துக்கொண்டது. ஷெரின் தலையைக் குனிந்துவிட்டாள். டீச்சரம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அப்போதுதான் குரல் வந்தது.

"வெளில எடுத்தீங்களே, அது எங்க வூட்டு செவுரு இல்ல, சொல்லிட்டேன். அது விக்டோரியா வூட்டுது. எங்களுது பிஸ்தா பச்ச, போன வாரம்தான் அடிச்சது. ஃப்ரிட்ஜு பாருங்க, டபுள் டோரு. எம் பொண்ணு மொத சம்பளத்துல வாங்குனது. நான் ஒண்ணுமே கேக்கல, அவளே வாங்கியாந்தா. எங்கம்மா லைன் வூட்ல மண்பானைக்கு ஈரத்துணி சுத்தி வெச்சிக்கினு, இதான் ஐஸ் வாட்டர், குடின்னுவா. நான் ஐஸ் வேணும்னு அழுவேன், அடி வாங்குவேன்." அங்கே குரல் உடைகிறது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "இப்போ ஃப்ரிட்ஜு பூரா ஐஸ் வாட்டர் கீது. குடிச்சா பல்லு கூசுது. பல் ஆஸ்பத்திரிலயே வேல செஞ்சிக்கினு, என் பல்லு கூசுது!"

டீச்சரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பின்னாலேயே சேவியர் அங்கிள். அப்புறம் மேரி ஆன்ட்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கோ மூலையில் இரண்டு தமிழ் ஜூனியர்கள் இருமுவது போலச் சிரித்தார்கள். திரையில் கீழே, 'தாகம் எங்கள் தாய்மொழி' என்று ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற வரிசைகளில் மூக்குச் சிந்தும் சத்தம். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, பட்டுப்புடவையில் இருந்த மேரி ஆன்ட்டியைக் கோபமாகப் பார்த்தாள். "ப்ளீஸ். திஸ் இஸ் சம்படிஸ் லைஃப். ஹேவ் சம் ரெஸ்பெக்ட்."

"இன்னாவாம்?" என்றார் மேரி ஆன்ட்டி மகளிடம்.

"சிரிக்கக் கூடாதாம் மம்மி. இது ஒருத்தரோட லைஃப்பாம்."

"யாரு லைஃப்பாம்?"

"உன் லைஃப்தான்."

விளக்கு போட்டதும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பேராசிரியர் மேடையேறி, அந்தக் குரலின் துக்கத்துக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை என்றார். அவருக்குத் தேவைப்படாதுதான். வெளியே வராண்டாவில் தன்வி என்னைக் கட்டிக்கொண்டாள். "உன் ஆளுங்க சிரிச்சாங்க பார்த்தியா? அவ்வளவு வலியிலும் சிரிக்கிறாங்க. யுவர் பீப்பிள் ஆர் அமேசிங்" என்றாள்.

என் ஆட்கள் படிக்கட்டு ஓரம் நின்றிருந்தார்கள். போனதும் மேரி ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா நீ? வாய்ஸ் மட்டும் போட்டா போதுமா? பாக்க வேணாவா? பாசி புடிச்ச செவுத்துல சாஞ்சிக்கினு ஃப்ரிட்ஜுன்னா எவ நம்புவா? செருப்புகூட இல்லாம காட்டியிருக்கானுங்க ஒன் ஆளுங்க." காது வழியாகவாவது காப்பாற்றிவிட்டதாக நான் மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது அது இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் பட்டுப்புடவையில் வந்த ஒரு பெண்ணின் அவமானம் போய்விடுமா? டீச்சரம்மாதான் நடுவில் வந்தார். "விடுங்க சம்பந்தி" என்றார். "ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு நேரா உங்க வீட்டுக்குத்தான் வர்றோம். ஃப்ரிட்ஜ நானே தொறந்து பாத்துக்கறேன்." சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் மேரி ஆன்ட்டி அப்படியே வாயடைத்து நின்றார். அவரை நான் பேச்சில்லாமல் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தமிழ் ஜூனியர்களில் ஒருத்தன் மறுவாரம் தன்வியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான். என்னைக் கூப்பிட்டுக் கத்துவாள் என்று இருந்தேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விழாக்களுக்கு அனுப்பும் டைரக்டர் குறிப்பை எனக்கும் மெயில் செய்தாள். படத்தில் காட்சிக்கும் குரலுக்கும் உள்ள முரண், பார்வையாளரின் பரிதாபத்தைக் கேள்வி கேட்பதற்காகவே திட்டமிட்டுச் செய்தது என்று எழுதியிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு வயிறு எரிந்தது. வேண்டாத சுவரைக்கூட விற்கத் தெரிந்தவர்கள், வேண்டாத குரலையா விட்டுவிடுவார்கள்? சவுண்டு என்ற இடத்தில் சம்பா என்று போட்டிருந்தார்கள்.

படம் போட்ட அன்றைக்கு ஒரு போட்டோ எடுத்திருப்பாயே, அனுப்பு என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்ட வேண்டுமாம். என் போனில் இரண்டு இருக்கின்றன. ஒன்று மேடையில் எடுத்தது. தன்வி, அர்ஜுன், பேராசிரியர், பூங்கொத்து, ஓரத்தில் நான். "சம்பா, ஸ்மைல்" என்றதால் சிரித்திருக்கிறேன். மற்றது படிக்கட்டில் எடுத்தது. மேரி ஆன்ட்டி, அங்கிள், ஷெரின், மாப்பிள்ளை, டீச்சரம்மா, அவர் கணவர். ஆறு பேருக்கும் முகம் மலர்ந்திருக்கிறது. "நீ நல்லா எடுப்பியே கண்ணு" என்று மேரி ஆன்ட்டி என்னையே எடுக்கச் சொல்லிவிட்டதால் அதில் நான் இல்லை. முதல் படத்தை அனுப்பினால், யாருட்டி இவங்கள்லாம் என்று அம்மா கேட்பாள். இரண்டாவதை அனுப்பினால், பார்த்ததும் அவளுக்கு எல்லோரையும் பிடித்துப்போகும், நீ எங்கே என்று கேட்பாள். இன்னும் எதையும் அனுப்பவில்லை.